கோளாறு கைப்பிடியிலேயே தெரியும்

சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். பைபாஸில் ஏற்றினால் எண்பதில் பறக்கும். பத்துப் பதினைந்து வயது தாண்டிய பைக்குகளில் அடிக்கடி பார்க்கிற வினோதம் இது. பெட்ரோல் சரியாக வரவில்லை என்றால் வேகத்தில் அல்லவா முதலில் திணற வேண்டும்? கொஞ்சமாகக் குடிக்கும்போது பட்டினி, நிறையக் குடிக்கும்போது தாராளம் என்றால் இது என்ன கணக்கு?

பள்ளிக்கூடக் கணக்குதான். ஐடிலிங்கில் என்ஜினுக்குப் பெட்ரோல் தருவது கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் பைலட் ஜெட். பட்டறைப் பேச்சில் ஸ்லோ ஜெட். அதன் துளை, சிறிய பைக்குகளில் 0.35 மி.மீ. அளவில் இருக்கும். முழு வேகத்துக்கான மெயின் ஜெட்டின் துளை 1 மி.மீ. அளவு. இரண்டின் உள்சுவரிலும் 0.025 மி.மீ. கனத்துக்குப் பிசுக்கு படிகிறது என்று வைத்துக்கொள்வோம். விட்டம் இரண்டிலும் 0.05 மி.மீ. குறையும். மெயின் ஜெட்டின் துளைப் பரப்பு இதனால் இழப்பது பத்து சதவீதத்துக்கும் குறைவு. ஸ்லோ ஜெட் இழப்பதோ 27 சதவீதம். அழுக்கின் கனம் ஒன்றுதான். சின்னத் துளைக்கு அது பேரிழப்பு. கலவையில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் குறைந்தால் பொதுவாக என்ஜின் ஐடிலிங்கில் நிற்காது.

பழைய பைக்கின் பெட்ரோல் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை இப்படிக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்பே, பைக்கில் உட்கார்ந்தபடியே. நம் ஊரில் நடப்பது நேர்மாறு. எந்தக் கோளாறைச் சொன்னாலும் “கார்ப்பரேட்டரைக் கழட்டிக் கிளீன் பண்ணிடலாம்” என்பதே முதல் பதில். கழற்றுவது எளிது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 விதி வந்தபின் புதிய பைக்குகள் ஏறத்தாழ எல்லாமே ஃபூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அதற்கு முன் விற்ற கோடிக்கணக்கான வண்டிகள் இன்னும் சாலையில் ஓடுகின்றன. 1985இல் வந்து 1996இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100, திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டுகள் போன்றவற்றில் இருப்பது மிகுனி வி.எம். குடும்பத்து ஸ்லைடு கார்ப்பரேட்டர். ‘மிக்கார்ப்’ என்று பெயர் பொறித்ததைப் பார்த்திருப்பீர்கள். மிகுனியின் தொழில்நுட்பத்தில் சென்னையின் யூகால் நிறுவனம் தயாரித்தது அது. இங்கே சொல்வதெல்லாம் முக்கியமாக இந்த வகைக்கு. கெய்ஹின் கார்ப்பரேட்டர் உள்ள ஹீரோ ஹோண்டாக்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எடையில் பார்த்தால் பெரிதாகத் தோன்றாது. கன அளவில் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! இந்த விகிதத்தைக் கார்ப்பரேட்டர், நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று முதல் ஏழெட்டாயிரம் சுற்று வரை ஓரளவுக்காவது காப்பாற்றிக் கொடுக்க வேண்டும். 100 சிசி நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் 7,000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 58 முறை காற்றை இழுக்கிறது. இத்தனைக்கும் கார்ப்பரேட்டரில் மோட்டார் கிடையாது, சென்சார் கிடையாது, கம்பி இணைப்பு கிடையாது. சில துளைகளும் காற்றழுத்த வித்தியாசமும் மட்டுமே.

குறுகலான வழியில் காற்று வேகமாகப் போகும். வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். 1738இல் டேனியல் பெர்னூலி எழுதியதும், 1797இல் இத்தாலியர் வெஞ்சூரி குழாய்களில் காட்டியதும் இதைத்தான். 1893இல் வில்ஹெல்ம் மேபாக் இந்தத் தத்துவத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் கார்ப்பரேட்டரைச் செய்தார். அதே ஆண்டு ஹங்கேரியில் பாங்கியும் சோங்காவும் தங்கள் வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார்கள். அடியில் ஒரு கிண்ணம், அதில் எப்போதும் ஒரே மட்டத்தில் பெட்ரோல். மேலே குறுகிய காற்றுப்பாதை. இரண்டையும் இணைக்கும் ஜெட். கிண்ணத்தின் மேல் சாதாரணக் காற்றழுத்தம், பாதையில் குறைந்த அழுத்தம். வித்தியாசம் பெட்ரோலை மேலே தள்ளுகிறது. காற்று அதிகம் பாய்ந்தால் வித்தியாசம் கூடும், பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும். விகிதம் தானாகவே ஓரளவு நிலைத்துவிடும். இவ்வளவு எளிய யோசனை நூறாண்டுக்கு மேல் உலகத்தை ஓட்டியதை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல். கிண்ணத்தின் பெட்ரோல் மட்டத்திலிருந்து காற்றுப்பாதைக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம் இருக்கிறது என்று கொள்வோம். அந்த உயரத்துக்குப் பெட்ரோலைத் தூக்கவே 72 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் தேவை. வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தருவதற்கும் காற்று வினாடிக்கு சுமார் 11 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் சொற்பக் காற்றுக்கு, மெயின் ஜெட் இருக்கும் இடத்தில் அந்தப் பலம் இருக்காது. ஸ்லைடு ஏறத்தாழ மூடியிருப்பதால் அதற்குப் பின்னால், என்ஜின் பக்கத்தில், கடுமையான உறிஞ்சல் இருக்கும். அதைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் ஸ்லைடுக்குப் பின்னால் ஊசிமுனை அளவில் தனித் துளை வைத்து, தனிப் பாதை போட்டு, ஸ்லோ ஜெட்டை அங்கே இணைத்தார்கள். ஆக, ஒரு கார்ப்பரேட்டர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே உடம்புக்குள் வாழும் மூன்று நான்கு கார்ப்பரேட்டர்கள்.

அவற்றுக்குள் வேலைப் பிரிவினை இருக்கிறது. ஆக்சிலேட்டர் மூடியதிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும் வரை பைலட் பாதை. அங்கிருந்து கால் பங்கு வரை ஸ்லைடின் அடியில், காற்று வரும் பக்கமாகச் சரித்து வெட்டிய பகுதியின் அளவு முக்கியம். கால் முதல் முக்கால் வரை ஸ்லைடில் தொங்கும் ஊசி. கீழ்நோக்கிக் கூம்பும் அது மேலே ஏற ஏற அதைச் சுற்றிய இடைவெளி அகலமாகும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். எல்லைகள் கத்தியால் வெட்டியதுபோல் இருக்காது, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் படர்ந்திருக்கும்.

முக்கியமான ஒன்று: இந்தப் பிரிவினை ஆக்சிலேட்டர் திறப்பைப் பொறுத்தது. பைக்கின் வேகத்தையோ என்ஜின் சுற்றையோ பார்த்தால் ஏமாந்துபோவோம். இறக்கத்தில் அறுபதில் போகும்போது கைப்பிடி ஏறத்தாழ மூடியிருக்கலாம். அப்போது வேலை செய்வது ஸ்லோ ஜெட். இரண்டு பேரோடு மேம்பாலத்தில் முப்பதில் முக்கி முக்கி ஏறும்போது முழுதாகத் திருகியிருப்போம். அப்போது மெயின் ஜெட். “முப்பதிலதான் சார் இடிக்குது” என்று மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது. கைப்பிடியின் மேல் ஒரு வெள்ளை டேப்பைச் சுற்றி, கால், அரை, முக்கால் என்று பேனாவால் கோடு போட்டு, சுவிட்ச் பெட்டியில் ஒரு புள்ளி வைத்து ஓட்டிப் பாருங்கள். கோளாறு எந்தக் கோட்டில் வருகிறதோ, அதற்குரிய பாகத்தின் பெயர் கிடைத்துவிடும்.

அடுத்த கேள்வி: பெட்ரோல் குறைவா, கூடுதலா? இதற்குச் சோக் லீவரே சோதனைக் கருவி. மிகுனி வி.எம். வகையில் சோக் என்பது காற்றை அடைக்கும் மூடி இல்லை. கூடுதல் பெட்ரோலுக்கான தனிப் பாதையைத் திறக்கும் பிளஞ்சர். (குளிர் காலையில் சோக் போட்டு ஆக்சிலேட்டரையும் திருகிக்கொண்டே கிக்கரை மிதிப்பவர்கள் தமக்குத் தாமே கெடுதல் செய்துகொள்கிறார்கள். ஸ்லைடு திறந்தால் உறிஞ்சல் போய்விடும், சோக் பாதையில் பெட்ரோல் ஏறாது.) என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சோக்கை இழுத்தால்தான் ஐடிலிங் நிற்கிறது என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, அதாவது ‘லீன்’. இழுத்ததும் இன்னும் மோசமாகி அணைந்தால் ஏற்கெனவே ‘ரிச்’. முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போது கைப்பிடியைச் சற்றே தளர்த்தினால் வண்டி சுறுசுறுப்பாகிறதா? மெயின் ஜெட் பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. லீன் கலவையின் சூட்டில் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பட்டறைக்காரர்கள் சீஸ் என்பார்களே, அதுதான்.

பிளக் நிறத்தைப் பார்த்துச் சொல்லும் பழைய வித்தையும் உண்டு: செங்கல் பழுப்பு நல்லது, கரி படிந்தால் ரிச், சுண்ணாம்பு வெளுப்பு லீன். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியோடு முற்றிலும் ஒழிந்தபின் அந்தப் பழுப்பு அவ்வளவு தெளிவாக விழுவதில்லை. கரியை மட்டும் நம்பலாம். மற்ற நிறங்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

கார்ப்பரேட்டர் வேடம் போட்டு வரும் வேறு கோளாறுகள் சில இருக்கின்றன. பாதி நேரம் குற்றவாளிகள் இவர்கள்தான்.

முதலாவது ஸ்பார்க். பத்து முறை கிக்கரை மிதித்தும் ஸ்டார்ட் ஆகாத வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை நனைந்திருந்தால் பெட்ரோல் வந்து சேர்ந்திருக்கிறது, பெரும்பாலும் பொறிதான் வரவில்லை; பாயின்ட் உள்ள வண்டியானால் அதையும் கண்டென்சரையும் கவனியுங்கள். உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது டேங்க் மூடி. அதில் காற்று நுழைய ஒரு சிறு துளை இருக்கும். அது அடைபட்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்கில் வெற்றிடம் உருவாகும். டேங்க் பெட்ரோல் கார்ப்பரேட்டருக்கு மேல் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் நின்றால், அது தரும் அழுத்தம் சுமார் 2,200 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இரண்டு சதவீதம். டேங்கில் அந்த அளவுக்கு அழுத்தம் குறைந்தாலே பெட்ரோல் இறங்குவது நின்றுபோகும். சில கிலோமீட்டர் ஓடி நிற்கும், கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும், திரும்ப நிற்கும். நின்ற இடத்தில் மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறதா என்று கேளுங்கள். போனால் ஒரு குண்டூசியில் வேலை முடிந்தது.

மூன்றாவது பெட்ரோல் காக். லிட்டருக்கு 40 கிலோமீட்டர் தரும் வண்டி அறுபதில் போனால் மணிக்கு ஒன்றரை லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 25 மில்லி குடிக்கிறது. முழு ஆக்சிலேட்டரில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. குழாயை உருவி ஒரு நிமிடம் பாட்டிலில் பிடித்தால் நூறு மில்லியாவது தாராளமாக வர வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் காக்கின் உள்ளே இருக்கும் வலையில் டேங்க் துரு அடைத்திருக்கிறது. கார்ப்பரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் பலன் இருக்காது.

நான்காவது, கார்ப்பரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் காற்று புகுவது. ரப்பர் மானிஃபோல்டு வெடித்திருக்கலாம். போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதில் கார்ப்பரேட்டரின் முகம் வில்லாக வளைந்திருக்கலாம். ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் என்ஜின் சுற்று இறங்காமல் தொங்கினால் இதைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும் என்ஜினின் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள், சுற்று மாறினால் ஓட்டை அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பவர்களைக் கண்டிருக்கிறேன். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அதைச் செய்யும் துணிச்சல் எனக்கு வராது.

இத்தனையும் பார்த்த பிறகும் விரல் ஸ்லோ ஜெட்டையே சுட்டினால் கழற்றலாம். அடைப்பது என்ன என்று தெரிந்தால்தான் எதைக் கொண்டு கழுவுவது என்று தெரியும். பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. சுமார் 35 டிகிரி முதல் 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வரை வெவ்வேறு வெப்பநிலையில் கொதிக்கும் ஹைட்ரோகார்பன்களின் கூட்டம். கிண்ணத்துக்கு வெளிக்காற்றுத் துளை இருப்பதால், வண்டி நின்றுகொண்டே இருந்தால் இலேசானவை முதலில் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சியதில் இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாகி, ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்துக்கொண்டு பழுப்பு நிறப் பிசினாக மாறும். இந்த வினையைச் செம்பு தூண்டிவிடும். ஜெட்டுகளைச் செய்திருப்பதோ பித்தளையில், செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகத்தில். பிசின் உருவாக இதைவிட வசதியான இடம் வேறு அமையாது.

பெட்ரோலிலிருந்தே பிறந்தாலும் இந்தப் பிசின் பெட்ரோலில் சரியாகக் கரையாது. கரைந்திருந்தால் படிந்தே இருக்காதே. பட்டறைகளில் ஒரு தட்டு பெட்ரோலில் போட்டு பிரஷால் தேய்ப்பது, புழுதிக்கும் எண்ணெய்க்கும்தான் ஆகும். பிசினுக்கு அசிட்டோன், டொலுவீன் போன்ற கரைப்பான்கள் வேண்டும். ஸ்ப்ரே டப்பாவில் வரும் கார்ப்பரேட்டர் கிளீனர்களில் இந்த மாதிரிக் கரைப்பான்களே இருக்கின்றன. அவை ரப்பரைத் தின்றுவிடும் என்பதால் ஓ-ரிங், ஃப்ளோட், ஊசி வால்வு எல்லாவற்றையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பொடியாகப் படிந்திருப்பது வேறு சமாச்சாரம். தண்ணீர் பட்டு உலோகமே அரித்ததன் உப்பு அது, எந்தக் கரைப்பானுக்கும் அசையாது. எலுமிச்சைச் சாறில் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. அமிலம் அந்தப் பொடியைக் கரைக்கும். விட்டுவைத்தால் அடியில் இருக்கும் துத்தநாகக் கலவையையும் சேர்த்தே கரைக்கும்.

வேலையைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். காற்றில் ஒன்றரை சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடியும் கூடாது, அடுப்பும் கூடாது.

ஜப்பானிய வடிவத்துக் கார்ப்பரேட்டர்களின் ஸ்டார் ஸ்க்ரூ நம் கடை ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. அழுத்திப் பிடிக்காவிட்டால் தலை மழுங்கிப்போகும். ஜெட்டைக் கழற்ற அதன் வெட்டின் அகலத்துக்கே உள்ள தட்டை முனை வேண்டும். ஐடிலிங் கலவையை அமைக்கும் ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுவதற்கு முன் மெதுவாக உள்ளே முறுக்கி, எத்தனை சுற்றில் அடியில் உட்காருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பலமாக முறுக்கினால் அதன் கூர்முனையில் வளையம் விழும், அப்புறம் எந்த டியூனிங்கும் நிற்காது.

ஸ்லோ ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக, விளிம்பு கூராக ஒளி தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் கிளீனரில் ஊறப் போடுங்கள். குத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எலக்ட்ரிக் கடையில் 23/76 என்று கேட்டால் தரும் வயரிலிருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவிக்கொள்ளலாம். அதன் கனம் சுமார் 0.2 மி.மீ.; 0.35 துளைக்குள் தாராளமாகப் போகும், பித்தளையைவிட மென்மையானது என்பதால் கீறாது. ஊசி, கிடார் கம்பி, பின் எல்லாம் எஃகு. துளையை 0.35இலிருந்து 0.38 ஆக்கிவிட்டால் பரப்பு 18 சதவீதம் கூடிவிடும். அடைப்பு நீங்கிய சந்தோஷத்தில் கரும்புகை விடும் வண்டி கிடைக்கும்.

ஜெட்டைச் சுத்தம் செய்துவிட்டு அத்தோடு நிறுத்துவதுதான் பட்டறைகளில் நடக்கும் பெரிய குறை. ஜெட்டுக்குப் பிறகு உடம்புக்குள் துளைத்த பாதைகள் இருக்கின்றன. ஜெட் உட்காரும் குழிக்குள் கிளீனர் டப்பாவின் மெல்லிய குழாயை வைத்து அழுத்தி, எங்கெங்கே பீய்ச்சுகிறது என்று பாருங்கள். ஸ்லைடுக்குப் பின்னால் என்ஜின் பக்கம் உள்ள துளையில் வர வேண்டும். ஸ்லைடின் விளிம்புக்கு அடியில் இன்னொரு நுண்துளை உண்டு, அதிலும் வர வேண்டும். ஏர் ஸ்க்ரூவின் குழியில் வர வேண்டும். அதை விரலால் அடைத்தால் ஏர் ஃபில்டர் பக்க வாயில் உள்ள காற்றுத் துளையில் வர வேண்டும். இந்த நாலில் ஒன்றில் வராவிட்டாலும் வேலை முடியவில்லை. குறிப்பாக ஸ்லைடு விளிம்புத் துளை அடைத்தால் ஐடிலிங் அழகாக நிற்கும், ஆக்சிலேட்டரைத் தொட்டதும் ஒரு நொடி மூச்சு நிற்கும். ‘பிக்கப் இல்லை’ என்று சொல்லி, பாவம், கிளட்ச் பிளேட்டை மாற்றியவர்கள் இருக்கிறார்கள். கடைசியில் பஞ்சர் கடை கம்பிரசரில் காற்றடித்துக்கொள்ளலாம். கண்ணில் தெறிக்காமல் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அதற்கும் மசியாத கார்ப்பரேட்டர்களுக்கு இப்போது அல்ட்ராசோனிக் தொட்டிகள் வந்துவிட்டன. வினாடிக்கு 40,000 முறை அதிரும் திரவத்தில் நுண்குமிழிகள் உருவாகி உடைந்து, கைபடாத வளைவுகளிலிருந்தும் அழுக்கைப் பெயர்க்கும். நல்ல முறை. பழைய பைக்குகள் அதிகம் வரும் பட்டறை ஒவ்வொன்றும் ஒன்று வாங்கிப் போடலாம் என்பேன்.

கிண்ணம் நிரம்பிப் பெட்ரோல் ஓவர்ஃப்ளோ ஆனால் ஜெட்டுகளைத் தொடத் தேவையே இல்லை. ஃப்ளோட் தூக்கும் ஊசி வால்வின் இருக்கையில் துரும்பு சிக்கியிருக்கும், அல்லது ஊசியின் ரப்பர் முனையில் வளையத் தடம் விழுந்திருக்கும். வழியில் ஆனால், ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை இலேசாகத் தட்டினால் துரும்பு விலகிவிடும். அடிக்கடி ஆனால் ஊசியை மாற்றுங்கள். மட்டம் சரியா என்று பார்க்க, கிண்ணத்தின் வடிகாலில் ஒரு ஒளிபுகும் குழாயை மாட்டி, அதை மேலே தூக்கிக் கார்ப்பரேட்டரின் பக்கத்தில் பிடித்தால் போதும். உள்ளே எந்த மட்டத்தில் பெட்ரோல் நிற்கிறதோ அதே மட்டத்தில் குழாயிலும் நிற்கும். மேலே சொன்ன ஒரு சென்டிமீட்டர் கணக்கை நினைவில் வைத்தால், மட்டம் ஓரிரு மில்லிமீட்டர் மாறினாலே கலவை மாறும் என்பது புரியும்.

மாட்டிய பிறகு டியூனிங். என்ஜின் நன்றாகச் சூடாக வேண்டும். ஐடிலிங் ஸ்க்ரூவால் சுற்றைச் சற்றுக் கூட்டி வைத்துக்கொண்டு, ஏர் ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாகத் திருப்பி, சுற்று உச்சத்துக்குப் போகும் இடத்தைத் தேட வேண்டும். கண்டதும் ஐடிலிங்கைக் குறைத்து மறுபடி ஒருமுறை. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் லீன். என்ஜின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் கலவையைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே திருப்பினால் ரிச். இந்த வித்தியாசம் தெரியாமல் எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே இருப்பவர்கள் ஏராளம். ஒன்றரைச் சுற்றுக்கு முன்பின்னாக உச்சம் கிடைப்பது வழக்கம். ஏர் ஸ்க்ரூவை ஏறத்தாழ முழுதாக மூடினால்தான் ஐடிலிங் நிற்கிறது என்றால் ஸ்லோ ஜெட்டில் இன்னும் அடைப்பு இருக்கிறது.

சுத்தமான கார்ப்பரேட்டரும் தடுமாறும் சந்தர்ப்பங்கள் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று எத்தனால். அதன் எடையில் 35 சதவீதம் ஆக்சிஜன்தான். ஆகவே எரிய அதற்கு 9 மடங்கு காற்றே போதும். 20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 13.5 அளவுக்கு இறங்கிவிடும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு என்று ஜெட் போட்ட பழைய கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. பழைய அளவிலேயே தெளிக்கும். விளைவு, கலவை சுமார் 8 சதவீதம் லீன். இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சாரால் சரிசெய்துகொள்ளும், நம் வண்டிக்கு நாம்தான் செய்ய வேண்டும்: ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் ஊசி மேலே ஏறும், நடு ஆக்சிலேட்டரில் பெட்ரோல் கூடும். எத்தனால் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஈரம் மிகுந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியே பிரிந்து அடியில் தங்கும். கிண்ணத்தின் அடியில்தானே ஜெட்டுகள் நிற்கின்றன.

மற்றது மலை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கார்ப்பரேட்டர் தரும் பெட்ரோல் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றியே குறைகிறது. காற்று 20 சதவீதம் குறையும்போது பெட்ரோல் பத்து சதவீதம்தான் குறையும். கலவை சுமார் 12 சதவீதம் ரிச்சாகிவிடும். மேட்டுப்பாளையத்தில் குறையில்லாமல் கிளம்பிய வண்டி குன்னூருக்கு மேல் மந்தமாகி, சைலன்சரில் கரி தட்டுவது இதனால்தான். அங்கே போய்க் கார்ப்பரேட்டரைக் கழற்ற வேண்டாம். இறங்கினால் சரியாகிவிடும்.

வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் காக்கை மூடிவிட்டு, என்ஜின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும், பெட்ரோல் இல்லாத இடத்தில் பிசின் இல்லை.

சுத்தம் செய்து பயனில்லாத நிலையும் ஒன்று உண்டு. லட்சம் கிலோமீட்டர் மேலும் கீழும் ஓடிய ஸ்லைடு, தன் குழாயைத் தேய்த்து ஆட்டம் கண்டிருக்கும். ஓரங்களில் காற்று புகும், ஐடிலிங் ஒருநாள் போல் மறுநாள் இருக்காது. ஊசியும் அதன் ஜெட்டும் தேய்ந்து நீள்வட்டமானால் மைலேஜ் போகும். இவற்றுக்கு மருந்து புதிய பாகம்தான். அந்தப் புதிய பாகத்தில்தான் இன்றைக்குப் பெரிய தலைவலி. சந்தையில் கிடைக்கும் மலிவுக் கிட்டுகளில் ஜெட்டின் மேல் பொறித்த எண்ணும் உள்ளே இருக்கும் துளையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால், மெக்கானிக் கிட் போட்டுக் கொடுக்கும்போது உங்கள் வண்டியோடு வந்த பழைய ஜெட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குப்பையில் போட விடாதீர்கள். ஊறவைத்துக் கழுவினால் அவை பெரும்பாலும் புதியவற்றைவிட நன்றாகவே வேலை செய்யும்.